பூசாமல் விட்ட சுவர்

இப்போது வீடு காலி செய்பவர்களை நேரில் பார்க்கவே வேண்டியதில்லையாம். குடியிருந்தவரே கைப்பேசியில் ஒவ்வொரு அறையாகப் படம் பிடித்து அனுப்பிவிட்டால், எந்தச் சுவருக்கு அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்கலாம் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறதாம். நான் வேலை பார்த்த அம்பத்தூர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்கள் இரண்டு பேர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது இதைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, "நீங்கள்லாம் எப்படி மேடம் பிடித்தம் போட்டீங்க?" என்று கேட்டார்கள்.

"உட்கார்ந்து போட்டோம்" என்றேன்.

சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலியான வீட்டின் நடு ஹாலில், வெறுந்தரையில், எல்லா ஜன்னல்களையும் சாத்திக்கொண்டு நிஜமாகவே உட்கார்ந்திருப்போம். அதை அந்தப் பெண்களுக்கு விளக்க ஆரம்பித்து, பாதியில் காபி ஆறி, அவர்களுக்கும் நேரமாகிவிட்டது. விட்ட இடத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் வீட்டுக்காரர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ். ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு என்று எங்கள் பக்கத்து வீடுகள்தான் எல்லாம். வாடகைக்கு ஆள் வைப்பது, மோட்டார் ரிப்பேர் பார்ப்பது, கடைசியில் அவர்கள் காலி செய்யும்போது வீட்டைச் சுற்றிப் பார்த்து, சேதம் இருந்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவது. இந்தக் கடைசி வேலைதான் என்னுடையது. வீட்டுக்காரர்களுக்கு நான் ரொம்ப இளகின மனசுக்காரி. குடியிருந்தவர்களுக்கு நான் ராட்சசி. இரண்டு பேரும் ஒரே நாளில் போன் செய்து திட்டியிருக்கிறார்கள். அப்போதெல்லாம், சரி, தராசு நடுவில்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அதற்கு முன்னால் எஸ்டேட்டில், அதாவது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். கம்பெனியை மூடினார்கள். போன் எடுக்கத்தான் இந்த ஆபீஸுக்கு வந்தேன். ஒருநாள் மேனேஜர் சபாபதி சார் என் மேஜை முன்னால் நின்று, "மல்லிகா, உங்களுக்கு மூக்கு நல்லா வேலை செய்யுமா?" என்று கேட்டார். செய்யும் என்றேன். "செருப்பை மாட்டுங்க" என்றார். என் பயிற்சி என்று ஏதாவது இருந்தால் அது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர் பின்னாலேயே நடந்து கற்றுக்கொண்டது.

சபாபதி சார் ஒல்லியான மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு சின்ன டார்ச். குடியிருந்தவர்கள் சாமானையெல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் உள்ளே வருவார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார். காலியான வீட்டுக்கு எதற்கு சார் இந்த மரியாதை என்று ஒருதரம் கேட்டேன். "நேத்து வரைக்கும் இங்க சோறு தின்னிருக்காங்கம்மா" என்றார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவார். கதவையும் சாத்துவார். பிறகு ஹால் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நானும் எதிரில் உட்காருவேன். பட்டப்பகலில் அந்த இருட்டு ஒரு மாதிரி பச்சையாக இருக்கும். மூடின ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம் வந்து தரையில் படுத்திருக்கும். வெளியே ஷேர் ஆட்டோக்காரர் பூந்தமல்லி பூந்தமல்லி என்று கூவுவது எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும்.

கொஞ்ச நேரத்தில் வீடு வாசனை விட ஆரம்பிக்கும். தாளிப்பு, சாம்பிராணி, குழந்தைப் பவுடர், கொசுவர்த்தி. சுவரில் ஈரம் இறங்கியிருந்தால் அதுவும் வந்துவிடும். கேஸ் குழாய் கசிந்திருந்தால் அதுவும். எனக்குச் சில நாள் தூக்கமே வந்துவிடும். யாரோ வாழ்ந்து முடித்த இடத்தில், அவர்களுடைய கனவுக்குள் நாம் தப்பாக நுழைந்துவிட்டதுபோல் இருக்கும். அதன் பிறகு சார் எழுந்து எல்லாக் குழாய்களையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டு, எது அடைத்திருக்கிறது என்று நடுவில் நின்று காது கொடுத்துக் கேட்பார். கடைசியாக டார்ச்சைச் சுவரோடு சுவராகப் படுக்க வைத்து அடிப்பார். அப்படி அடித்தால் நேரே பார்க்கும்போது தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து தெரியும்.

ஆவடியில் ஒரு வீடு. ஐந்தாறு பையன்கள் தங்கியிருந்தார்கள். எல்லாம் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். ஆணியே அடிக்கக் கூடாது என்று முதலிலேயே கறாராகச் சொல்லித்தான் வீடு கொடுத்திருந்தோம். காலி செய்தபோது சுவர் பளிங்குபோல் இருந்தது. எனக்கே ஆச்சரியம். சார் வழக்கம்போல் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்து, "மல்லிகா, என்ன வாசனை?" என்றார். எனக்கும் வந்தது. புதினா வாசனை. ஹால் முழுக்க, பெட்ரூம் முழுக்க, இப்போதுதான் யாரோ பல் விளக்கிவிட்டுப் போனதுபோல். பையன்கள் ஒரு ஆணி விடாமல் பிடுங்கி, அத்தனை ஓட்டையிலும் பற்பசையை அடைத்து, துணியால் துடைத்துவிட்டார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த இடங்களில் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. சார் அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை. வெளியே நின்ற பையன்களில் ஒருவன், "இன்னா சார், ஓகேவா?" என்று அப்பாவியாகக் கேட்டான். "சுவருக்கெல்லாம் பல்லு சுத்தமா இருக்குப்பா" என்றார் சார். பூச்சுக் கூலி மட்டும் பிடித்தோம்.

எல்லாம் பார்த்து முடித்த பிறகு குடியிருந்தவர்களை உள்ளே கூப்பிட்டு சார் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இந்த வீட்டுல உங்களுக்குப் பிடிச்ச இடம் எது?" பிடித்தம் எவ்வளவு என்று பயந்துகொண்டிருக்கும் ஆட்கள் இந்தக் கேள்வியில் திகைத்துப்போவார்கள். பிறகு யோசிப்பார்கள். முகம் மாறும். பருத்திப்பட்டில் ஏரிக்கரைப் பக்கம் இருந்த ஒரு வீட்டில், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் கொஞ்சம் வெட்கத்தோடு ஒரு ஜன்னலைக் காட்டினார். அந்த ஜன்னல் கட்டையில் இரண்டு இடத்தில் பெயின்ட் போய், மரம் தெரிந்தது. முழங்கை ஊன்றி ஊன்றித் தேய்ந்த இடம். அங்கே நின்றால் ஏரி தெரியும். "காலைல நாரை வரும் சார்" என்றார். வீட்டுக்காரர் அந்தக் கட்டைக்குப் பெயின்ட் கூலி பிடிக்கச் சொல்லியிருந்தார். சார் பிடிக்கவில்லை. பிடித்த இடம்தான் தேயும், தேய்வதற்குத்தானே வாடகை வாங்குகிறோம் என்பது அவர் கணக்கு. உடைத்தால் பிடி, தேய்ந்தால் விடு. எனக்கு இந்த வேலையில் அவர் சொல்லிக்கொடுத்த சட்டம் இது ஒன்றுதான்.

இந்தச் சட்டத்துக்கு அடங்காத ஒரு வீடு திருவேற்காட்டில் வந்தது.

கோயிலுக்குப் பின்பக்கம் நாலைந்து தெரு தள்ளி, வரிசையாக ஒட்டிக் கட்டின சின்னச் சின்ன போர்ஷன்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் மகளோடு இருந்தார். ஒரு போர்ஷனில் ஏழுமலை, கஸ்தூரி என்று புருஷன் பெண்சாதி, இரண்டு பிள்ளைகள். ஏழுமலை எஸ்டேட்டில் ஃபிட்டர். பாரிவாக்கத்தில் சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கிவிட்டார்கள். ஆடி பிறந்தால் குடி போக முடியாது என்பதால் ஆனிக் கடைசியில் அவசர அவசரமாகக் காலி செய்தார்கள். குட்டியானை வண்டியில் சாமான் ஏறி, மேலே கயிறு கட்டி, பிள்ளைகள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாகிவிட்டது.

வீடு சுத்தமாக இருந்தது. வாசனை, குழாய், டார்ச், எல்லாம் ஆயிற்று. சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டரைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு விட்டுப்போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சார் தன் கேள்வியைக் கேட்டார். கஸ்தூரி அந்தக் காலண்டரைப் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

ஏழுமலைதான் காலண்டரைத் தூக்கிக் காட்டினார். சுவரில் சதுரமாக ஒரு ஓட்டை. ஒரு கை தோள் வரைக்கும் போகலாம். சுற்றிலும் இரும்புப் பட்டை அடித்து, தள்ளித் திறக்கிற மாதிரி ஒரு தகட்டுக் கதவு. அத்தனை நேர்த்தி. ஃபிட்டர் கை அல்லவா? தகட்டைத் தள்ளினால் எதிர்ப்பக்கம் இன்னொரு காலண்டரின் முதுகு. அதையும் ஒரு கை விலக்கியது. அந்தப் பக்கமிருந்து ஒரு கண்ணாடி போட்ட முகம் எங்களைப் பார்த்தது.

"இன்னாடி கஸ்தூரி, ஆபீஸ்காரங்க வந்துட்டாங்களா? திட்றாங்களா?"

பிலோமினா அக்காவை நான் முதலில் பார்த்தது அப்படித்தான், சுவருக்குள் ஒரு படம்போல். பக்கத்து போர்ஷனில் தனியாக இருந்தவர். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்து, அதிலிருந்து நின்றுவிட்டவர், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். ஒரே மகன், ஓசூரில் வேலை. அக்காவுக்குச் சர்க்கரை. அது சில நேரம் திடீரென்று இறங்கிப்போய் மயக்கம் போட்டுவிடும். ஒருநாள் காலையில் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி இருக்க, அவர் தரையில் கிடந்திருக்கிறார். கஸ்தூரி தட்டித் தட்டிப் பார்த்து, ஏழுமலை பின்பக்க கிரில்லை அறுத்து உள்ளே போய்த் தூக்கியிருக்கிறார். அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் உளியை எடுத்துவிட்டார். நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் அக்கா புடவை முந்தானையை ஏந்தி, விழுகிற மண்ணைப் பிடித்தாராம். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரு ஒப்பந்தம். காலையில் யார் முதலில் எழுந்தாலும் தகட்டைத் தள்ளி மற்றவளைக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் கையை விட்டு, அந்தப் பக்க வாசல் தாழ்ப்பாளைத் திறக்கிற கயிற்றை இழுக்க வேண்டும். ஏழுமலை அந்தக் கயிற்றையும் கட்டிவைத்திருந்தார். அக்காவைத் தனியே விட்டுவைக்க மகன் சம்மதித்ததே இந்த ஏற்பாட்டை வந்து பார்த்த பிறகுதான்.

"மேடம், எவ்ளோ வேணா எங்க அட்வான்ஸ்ல புடிச்சிக்கோங்க" என்றாள் கஸ்தூரி. "ஆனா மூடாதீங்க. மூடிட்டா அக்காவ அவுங்க புள்ள வந்து இட்டுகினு பூடுவாரு. அக்காவுக்கு அங்க போவ இஷ்டமே இல்ல மேடம்."

என் வேலையில் பணம் பிடிக்காதே என்று கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். பிடித்துக்கொள், ரிப்பேர் செய்யாதே என்று கெஞ்சினது அவள் ஒருத்திதான். நான் சாரைப் பார்த்தேன். உடைத்தால் பிடி என்ற சட்டம் அவருடையது. இது தேய்ந்தது இல்லை, உளி வைத்து உடைத்தது.

சார் அந்த ஓட்டை முன்னால் போய் நின்றார். தன் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் அக்கா, "தடவுங்க தடவுங்க, பல்லு இல்லாத வாயிதான், கடிக்காது" என்றார். சார் கையை எடுத்துக்கொண்டு கஸ்தூரியிடம், "மூடாத ஓட்டைக்குக் கூலி பிடிச்சா அது திருட்டும்மா" என்றார். பிறகு அங்கேயே நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். சார் போனில் பேசும் விதமே தனி. நடந்ததைச் சொல்லுவார், பிறகு பேசாமல் இருப்பார். எதிராளி கத்தி முடித்து, இன்னும் லைனில் இருக்கிறாரா என்று ஹலோ ஹலோ என்று தேடும்போதுதான் அடுத்த வாக்கியம் வரும். "சார், சுவர் ரெண்டு வீட்டுக்கும் பொது. ஒரு வீடுதான் காலி ஆகியிருக்கு. குடியிருக்கிற வீட்டுக்குள்ள கொத்தனாரை அனுப்பி, காலி பண்ணினவங்க கணக்குல நான் எப்படி எழுதுறது?"

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. தூரத்தில் இருப்பவர், அவ்வளவுதான். கடைசியில் ஒரு கெடு வைத்தார். சுவர் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சம்மதித்து யாராவது அந்த போர்ஷனுக்கு ஆடிக்குள் குடி வந்தால் சரி. வராவிட்டால் கொத்தனாரை விட்டு மூடிவிட வேண்டும், கூலியைக் கஸ்தூரி கணக்கில் பிடிக்க வேண்டும். கூலி அளவுக்கு மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, மீதி அட்வான்ஸை அங்கேயே கொடுத்தோம். வண்டி கிளம்பினது. கஸ்தூரி தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஆடிக்குள் என்று வீட்டுக்காரர் சொன்னதுதான் சிக்கல். எங்கள் பக்கம் ஆடியில் யார் வீடு மாறுகிறார்கள்? பார்க்க வருவார்கள். பிடித்துப்போகும். ஆவணியில் வரோம் என்று போய்விடுவார்கள். வெளிநாட்டில் ரொம்ப காலம் இருந்துவிட்டவருக்கு அது மறந்துபோயிருக்கலாம். சாருக்கு மறக்கவில்லை. போனை வைத்துவிட்டு என்னிடம், "பார்க்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்று சொன்னால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

காலி வீட்டை நாள் தவறாமல் திறந்து, ஜன்னலைத் திறந்து, குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டுவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் வீடு பூஞ்சை பிடித்துவிடும். அதற்கு ஆபீஸில் ஒரு ஆள் உண்டு. இந்த வீட்டுக்கு மட்டும் நானே போகிறேன் என்றேன். முதல் நாள் காலை, பழக்க தோஷம், ஜன்னலைத் திறக்காமல் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்தேன். இருட்டில் கஸ்தூரி வீட்டுத் தாளிப்பு வாசனை இன்னும் இருந்தது. கண் சொருகுகிற நேரம், சுவருக்குள்ளிருந்து தகடு கிரீச்சென்றது.

"கஸ்தூரி, எழுந்துட்டியா?"

பிறகு அந்தக் குரலே தனக்குத்தானே, "அய்ய, அவதான் பூட்டாளே" என்றது.

என் வாயிலிருந்து தானாக வந்தது. "எழுந்துட்டேன்க்கா."

"யாரது? ஆபீஸ் மேடமா? காலங்காத்தால இருட்டுல ஒக்காந்துகினு இன்னா பண்றீங்க?"

என்ன சொல்வது? வேலை பார்க்கிறேன் என்றேன். அக்கா சிரித்த சிரிப்பில் காலண்டர் ஆடியது. மறுநாளும் போனேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மேடம் போய் மல்லிகா ஆயிற்று. அப்புறம் மல்லி. நான் வர நேரமானால், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. அந்த ஓட்டை வழியாக எனக்குச் சுக்குக் காபி வரும். அக்கா ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டே மாதா கோயிலில் பாடுகிற பாட்டை முனகுவார். நான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சுவர் அவர் குரலுக்கு லேசாக அதிரும். முதுகில் தெரியும். ஆபீஸ் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். வருகிறவர்களைப் பயமுறுத்திவிடக் கூடாதே என்று அவர் தையல் மெஷினை நிறுத்தி, குக்கரை இறக்கி, மூச்சுக்கூட விடாமல் இருப்பார். ஒரு அம்மாவுக்கு அந்தச் சுவரில்தான் பூஜை அலமாரி வைக்க வேண்டும். சாமி பின்னால் ஓட்டை ஆகாது என்றார். ஒரு புது மாப்பிள்ளைக்கு மாமியார் பயம் போதாதென்று இது வேறா என்று தோன்றியது, முகத்திலேயே தெரிந்தது. இன்னொருவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார். தகட்டைத் தள்ளிக் காட்டினேன். அந்தப் பக்கம் அடக்கி அடக்கி வைத்திருந்த தும்மல் அப்போது பார்த்து வெடித்தது. அவர் வாசலில் விட்ட செருப்பை ரோட்டில் போய்த்தான் மாட்டிக்கொண்டார். சரி என்று சொன்ன ஒன்றிரண்டு பேரும் ஆவணியில் பார்க்கலாம் என்றார்கள்.

ஆடி பாதியைத் தாண்டியது. அம்மன் கோயில் ஸ்பீக்கர் சத்தத்தில் தெருவே ஆடிக்கொண்டிருந்த ஒரு காலையில் அக்கா தகட்டைத் தள்ளவில்லை. நானே தள்ளி, அக்கா அக்கா என்று கூப்பிட்டேன். "கீறேன்டி, கத்தாத" என்றது குரல், தரைப் பக்கமிருந்து. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் போல.

"மல்லி, கொத்தனார வரச் சொல்லிடு."

"என்னக்கா சொல்றீங்க?"

"புள்ள ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துகினு வர்றான். பக்கத்துல ஆள் இல்லாம இனிமே ஒரு நாளு கூட உட மாட்டானாம். அவன் சொல்றதும் நாயந்தான. அங்க மூணாவது மாடி, லிஃப்ட் கீதாம். அவன் பொண்டாட்டி தங்கமான பொண்ணு. எனக்கு ஒரு கொறையும் இருக்காது." கொஞ்சம் நிறுத்தினார். "மெஷின் மட்டும் வேணாம்மா, எடமில்லன்னான். வேல செய்யாத, சும்மா குந்திகினு இரு, நாங்க பாத்துக்கறோம்ன்றான். சும்மா குந்திகினு இருக்கறதுக்கு நான் இன்னா பொம்மையாடி?"

அவர் அழவில்லை. நான் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என்னைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்பத்தூரில் தம்பி வீட்டு மாடி அறையில் இருந்தேன். தம்பியும் அவன் மனைவியும் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசினதில்லை. ஆனால் காலையில் நான் எழுந்தேனா என்று யாருக்கும் தெரியாது. நான் கீழே இறங்கி வந்தால் எழுந்துவிட்டேன் என்று அர்த்தம். வராவிட்டால் லீவு என்று நினைப்பார்கள். அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து வரும்போது, எழுந்துட்டியா என்று என்னை ஒருவர் கேட்கிற காலை இன்னும் மூன்று நான்குதான் பாக்கி என்று தோன்றியது. அந்த எண்ணம் என்னை உலுக்கிவிட்டது. அக்காவுக்காக வருத்தப்படுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகவும்தான்.

ஆபீஸுக்குப் போனதும் சாரின் மேஜைக்கு முன்னால் நின்றேன். "திருவேற்காடு வீட்டுக்கு ஆள் கிடைச்சாச்சு சார்."

"ஆடியிலயா? யாரு?"

"நான்தான்."

சார் என்னைப் பார்த்தார். பாராட்டவும் இல்லை, யோசித்துப் பாருங்கள் என்று சொல்லவும் இல்லை. "நீங்க எடுக்கிற வீட்டை நீங்களே பார்த்து ஒப்படைக்க முடியாது. நான் வரணும்" என்றார். வெள்ளிக்கிழமை வந்தார். எனக்காக அந்த வீட்டின் ஜன்னல்களைச் சாத்தி, உட்கார்ந்து, குழாய்களைத் திறந்து, டார்ச் அடித்து, எல்லாம் வரிசை தவறாமல் செய்தார். நான் குடி வருகிறவளாக வாசலில் நின்றேன். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "சமையலறைச் சுவத்துல ஒரு ஓட்டை இருக்கு. பார்த்துக்கிட்டீங்களா? பின்னால யாரும் சொல்லலன்னு சொல்லக் கூடாது" என்றார். பார்த்துக்கொண்டேன் சார் என்றேன். சாவியைக் கையில் கொடுத்தார். அவர் செருப்பை மாட்டுவதற்கு வழக்கத்தைவிட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். கஸ்தூரிக்கு நிறுத்திவைத்திருந்த பணம் அன்றைக்கே அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

தம்பி மனைவிக்குத்தான் கோபம். "ஆடியில யாராவது வீடு மாறுவாங்களாக்கா? நாங்க ஏதோ துரத்தி விட்ட மாதிரி ஊரு பேசுமே" என்றாள். அவளைச் சமாதானப்படுத்த முடியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் காய்ச்சப் பித்தளைப் பாத்திரத்தை அவள்தான் கொண்டுவந்தாள்.

பால் பொங்குகிற நேரத்துக்கு வெளியே வண்டி வந்து நின்றது. அக்காவின் மகன் நல்ல உயரம், பயந்த முகம். நேராக என் வாசலுக்கு வந்தார். "மேடம், நீங்க நைட்டும் இங்கதான் தங்குவீங்களா? சும்மா எங்க அம்மாவுக்காக..."

"வாடகை கொடுக்குறேன் தம்பி. வேற எங்க போய்த் தூங்குவேன்?"

அவர் உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். தாழ்ப்பாள் கயிற்றை இழுத்துப் பார்த்தார். பிறகு தகட்டைத் தள்ளி, "அம்மா" என்றார். நான் டம்ளரில் பாலை ஊற்றி அவர் கைக்குப் பக்கத்தில் நீட்டினேன். அந்தப் பக்கமிருந்து ஒரு கை வந்து டம்ளரை வாங்கிக்கொண்டது. "சக்கர போடல இல்ல?" என்று குரல் கேட்டது. அந்தக் குரல் உடைந்திருந்தது. மகன் சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் டிரைவரிடம் பேசினார். வண்டி காலியாகத் திரும்பியது.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சாரும் ஓய்வு பெற்று, சொந்த ஊரோடு போய்விட்டார். அக்காவுக்கு இப்போது கண் மங்கல். ஹூக் வைக்கிற வேலை என்னிடம் வந்துவிட்டது. ஒரு தடவை அவர் மயங்கிக் கிடந்து நான் கயிற்றை இழுத்தேன். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் கண்டு வாய் பேச முடியாமல் கிடந்தபோது அவர் இழுத்தார்.

ஆபீஸ் பெண்கள் அன்றைக்குப் போகும்போது சமையலறையை எட்டிப் பார்த்தார்கள். படம் எடுத்துக்கொள்ளட்டுமா மேடம் என்று கேட்டாள் ஒருத்தி. நீங்கள் காலி செய்யும்போது இதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டாள் மற்றவள். நல்ல கேள்விதான். எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் காலி செய்கிறாரோ அவர் கணக்கில் ஒன்றும் வராது. கடைசியாக இருப்பவர்தான் மூடிக் கொடுக்க வேண்டும். அவர்கள் போன பிறகு அக்காவிடம் இதைச் சொன்னேன். தகட்டுக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றது.

"நாந்தான்டி மொதல்ல காலி பண்ணுவேன். அதுல சந்தேகமே இல்ல" என்றார் அக்கா. "நீயே பூசிக் குடுத்துடு. ஆனா பூசறதுக்கு மின்னாடி ஒருவாட்டி கூப்ட்டுப் பாரு மல்லி. எழுந்தாலும் எழுந்துப்பேன்."